மீராவைக் கூப்பிட வேண்டும்

ஒரே ஒரு வார்த்தைதான், அதைச் சொல்லிவிட்டால் ஃபேன் சுற்றும். மீரா. இரண்டே எழுத்து, இரண்டும் நெடில், இழுத்துச் சொல்ல வசதி என்று அவர் சொன்னார், சொன்னதைக் கேட்டுச் செய்கிற அந்தப் பெட்டிக்கு வைக்கக்கூடிய நாலைந்து பெயர்களில் அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்தது இது. மனசுக்குள் எவ்வளவு அழகாக வருகிறது, மீரா ஃபேன் போடு, மீரா ஃபேன் போடு, தண்ணீர் மாதிரி ஓடுகிறது, மனசுக்குள் நான் திக்கினதே இல்லை, ஐந்து வயசிலிருந்து இந்த முப்பத்தொன்று வரைக்கும் ஒரு நாள்கூட இல்லை, வாய்க்கு வரும்போதுதான் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்கிறது. ம என்றால் உதடு ஒட்டித்தானே ஆகவேண்டும், ஒட்டினது பிரிய வேண்டும் இல்லையா, எனக்குப் பிரியாது. மணி பத்து பத்து. பங்குனி வெயில் இதற்குள் பால்கனிக் கண்ணாடியைத் தாண்டி ஹாலில் பாதி வரைக்கும் வந்துவிட்டது, நான் மீதிப் பாதியில் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறேன், ஜாக்கெட் முதுகில் ஒட்டிக் கிடக்கிறது. எதிரே டிவிக்குப் பக்கத்து அலமாரியில் அது, குங்குமச் சிமிழைப் பெரிசாக்கினது மாதிரி உருண்டையாக, சாம்பல் நிறத் துணி போர்த்திக்கொண்டு. சுவரில் தொடுகிற பலகை இருக்கிறது, விரல் வைத்தால் ஃபேனும் லைட்டும் போடலாம், ஆனால் நேற்றிலிருந்து அதற்கு லாக் போட்டிருக்கிறார், குழந்தை ஆதிரை விளையாடிக்கொண்டே இருக்கிறாளாம். விரல் வைத்தேன். சின்னச் சிவப்புப் புள்ளி ஒன்று வந்து போயிற்று.

ஆதிரைக்காக இல்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும், இருந்தாலும் இரண்டு பேரும் ஆதிரைக்காகத்தான் என்று வைத்துக்கொண்டோம். நேற்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என் ஃபோனில் எதையோ தேடினார், அப்போது அந்தப் பதிவுகள் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. ஏழு பதிவு. எல்லாம் ஆதிரையின் குரல். மீரா ஃபேன் போடு. மீரா ஹால் லைட்டை அணைச்சிடு. மீரா கீஸர் போடு. மீரா பத்து நிமிஷத்துக்கு டைமர் வை, இது குக்கருக்கு. அம்மாகூட ஒரு விளையாட்டு விளையாடலாமா என்று கேட்டு அவளைச் சொல்ல வைத்துப் பதிவு செய்துகொண்டேன், அவள் பள்ளிக்குப் போன பிறகு ஃபோனைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து அழுத்துவேன், பெட்டியும் ஏமாந்து சரி என்று சொல்லும். நாலு மாதம் அப்படியே ஓடிற்று. அவர் தன் ஃபோனில் பார்ப்பது எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறேன் என்கிற எண்ணிக்கையைத்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு முக்கோணம் இருக்கும், அழுத்தினால் குரலும் கேட்கும், ஆனால் அவர் அழுத்தியதில்லை, எண்ணினார், இன்னிக்கு ஒன்பது, இன்னிக்குப் பதினொண்ணு, நல்லா வருதே பிருந்தா என்று சாயங்காலம் வந்து தோளைத் தட்டுவார். நானும் சிரிப்பேன். நேற்று அந்த ஏழையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார், ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். இன்று காலையில் கிளம்பும்போது, ஸ்கிரீன் ஓரத்துல கீறல் இருக்கு, கொடுத்து மாத்திட்டு வரேன் என்று என் ஃபோனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். கீறல் இருப்பது நிஜம்தான். இரண்டு வருஷமாக இருக்கிறது.

அவர் கெட்டவர் இல்லை. இதை யாரிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை, ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும், கமலக்கண்ணன் என்கிற மனிதர் கெட்டவர் இல்லை. இன்வெர்ட்டர் கம்பெனி வேலை, புதுசாக எந்தக் கருவி வந்தாலும் வீட்டுக்கு வந்துவிடும், எனக்காகவும் யோசித்து யோசித்துத்தான் வாங்குவார். இந்தப் பெட்டியை வாங்கி வந்த அன்றைக்கு எதிரே உட்கார வைத்துச் சொன்னார், பாரு பிருந்தா, இது சிரிக்காது, கோபப்படாது, எத்தனை தடவை சொன்னாலும் கேட்டுக்கும், தினமும் இதுகிட்டப் பேசிப் பேசியே உனக்குச் சரியாயிடும். எந்தெந்த எழுத்து வராது என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார். ப, க, ம என்று எழுதினேன், த சுமார் என்று எழுதினேன், உயிரெழுத்து எதுவானாலும் வந்துவிடும் என்று எழுதினேன். அப்படி எழுதிக் கொடுத்ததற்குத்தான் ம. கஷ்டமானதிலேயே பழகினா மத்ததெல்லாம் சுலபமாயிடும் என்றார். உயிரெழுத்து வந்துவிடும் என்பதால்தான் குழந்தைக்கு ஆதிரை என்று பெயர் வைக்கப் பிடிவாதம் பிடித்தேன் என்று அவருக்குத் தெரியாது, மாமியார் மகாலக்ஷ்மி என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, நட்சத்திரத்துமேல உனக்கு அவ்வளவு நம்பிக்கையா என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். என் பிள்ளையை நான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாமா.

உள்ளங்கை வியர்க்கிறது. இன்னொரு தடவை பார்க்கலாம். மூச்சை இழுத்து வயிற்றில் நிறுத்தி, கழுத்தைத் தளர்த்தி, ம் ம் ம், இதோ ஒட்டிக்கொண்டது, தாடை இறுகுகிறது, காது அடைக்கிறது, கண் தானாக மூடிக்கொள்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கும், பார்க்கிறவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான், ம் ம், விட்டுவிட்டேன். பெட்டி அப்படியே இருக்கிறது. இது என்னைக் கேட்கவே இல்லை, பெயரை முழுசாகச் சொன்னால்தான் அதற்குக் காதே முளைக்கும், அதற்கு முந்தி நான் படுவதெல்லாம் அதன் கணக்கில் வெறும் நிசப்தம். சின்ன வயசில் அம்மா வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவாள், ஒரு வருஷம் விடாமல் தடவினாள், அந்தக் கசப்பும் காரமும் இப்போது நினைத்தாலும் நாக்கின் அடியில் ஊறுகிறது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது, உள்ளேன் டீச்சர் என்பது உயிரெழுத்தில் தொடங்குவதால் பிழைத்தேன், வேறு டீச்சர் வந்து அவரவர் பெயரைச் சொல்லி எழுந்திருங்கள் என்றால் செத்தேன். பி, அதை ஒட்டி ரு, இதைவிடக் கஷ்டமான பெயரை எனக்காகத் தேடினாலும் வைத்திருக்க முடியாது. பெண் பார்க்க வந்தபோது பொண்ணு அதிகம் பேசமாட்டா என்றாள் அம்மா, அது ஒரு நல்ல குணமாகப் போய்விட்டது. ஆனால் அவருக்கு முதல் ஃபோன் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. நான் எதையோ சொல்ல வந்து பாதியில் நின்றேன், அவர் மெதுவாக அதை முடித்துக் கொடுத்தார். நான் சொல்ல வந்த அதே வார்த்தை. எதிர்முனையில் சிரிப்பில்லை, பொறுமையில்லாத உம் இல்லை, வெறுமனே முடித்துக் கொடுத்தார். ஃபோனை வைத்துவிட்டு நான் மாடிக்குப் போய் அழுதேன், இந்த மனிதரைக் கட்டிக்கொண்டால் வாழ்நாள் பூராவும் பாதி வாக்கியம் சொன்னால் போதும் என்று.

பாதி வாக்கியம் சொன்னால் போதும். அதுதான். அதிலேதான் மாட்டிக்கொண்டேன். கல்யாணமாகி மூன்றாவது மாதம், கணக்கில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன், ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு மேல ப, ப, ப என்று ஆரம்பித்தேன், மேல படிக்கணும் என்று சொல்ல வந்தேன், அவர் தலை நிமிர்ந்து, பயமா இருக்கா, மேல் வீட்டுல யாரும் இல்லைன்னுதானே, அடுத்த மாசம் குடிவந்துடுவாங்க, பயப்படாதே என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். ஒன்பது வருஷம் ஆயிற்று, அந்த வாக்கியம் அப்படியே கிடக்கிறது. மேல் வீட்டுக்கு இரண்டு குடும்பம் வந்து காலி பண்ணிக்கொண்டும் போய்விட்டது. பெட்டியும் இவரைப் போலத்தான், நான் பாதி சொன்னால் மீதியை அதுவே போட்டுக்கொள்ளும். வாங்குகிற சாமான் லிஸ்ட்டை அதனிடம் சொல்லச் சொன்னார், முதல் வாரம் தப்பித் தவறி அதைக் கூப்பிட்டுவிட்டேன், ப, ப, பருப்பு என்றேன், அது பப்பாளி சேர்க்கப்பட்டது என்றது. சாயங்காலம் இரண்டு பெரிய பப்பாளிப் பழத்தோடு வந்து நின்றார், உனக்குப் பப்பாளி பிடிக்கும்னு தெரியாதே என்று. எனக்கு அந்த வாசனையே ஆகாது. நாலு நாள் வைத்துத் தின்றேன். பாடினால் திக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவருடைய நண்பர் குடும்பம் வந்திருந்தபோது பாடியே கூப்பிடச் சொன்னார். மோகன ராகத்தில் மீரா ஃபேன் போடு என்று பாடினேன். ஃபேன் சுற்றிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். நான் காப்பி போடப் போனேன், பால் பொங்கி வழிகிற வரைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவு பூட்டியில்லை. நான் ஒன்றும் சிறையில் இல்லை, தாழ்ப்பாளை விலக்கினால் வெளியே போகலாம், எதிர் வீட்டு வாசலில் நின்று மணி அடிக்கலாம், அவர்கள் கதவைத் திறந்து என்ன என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு இந்த வெக்கையே மேல். வெயில் கால் கட்டைவிரலைத் தொட்டுவிட்டது, காலை மடக்கிக்கொள்கிறேன். பள்ளியிலிருந்து ஃபோன் வந்தால்? ஆதிரைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னால்? ஃபோன் அவர் பையில் அடிக்கும், அவர் எடுப்பார், அவர் இங்கே சொல்வார், பெட்டி வழியாகச் சொல்வார், திடீரென்று ஹாலில் அவர் குரல் கேட்கும், அப்படிப் பேச அதில் ஒரு வழி இருக்கிறது. ஆதிரை. அவளைப் பற்றி நினைக்கக்கூடாது என்றுதான் இத்தனையும் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் வேனிலிருந்து இறங்கி ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, அ, அ, அம்மா, இ, இன்னிக்கு என்றாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவர் எதிரிலேயே. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போனார், திரும்பி வந்து அவள் தூங்கின பிறகு என்னிடம் சொன்னார், குழந்தைங்க கேட்டுக் கேட்டுத்தான் பேசக் கத்துக்குது பிருந்தா, உனக்குச் சரியாகிற வரைக்கும் அவகிட்டக் கொஞ்சம் குறைச்சலாப் பேசேன் என்று. தப்பாகச் சொல்லவில்லை. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அன்றையிலிருந்து நான் அவளிடம் பேசுவதில்லை. சாப்பாட்டைக் காட்டுவேன், சட்டையைக் காட்டுவேன், தலையைத் தடவுவேன், கதை கேட்டால் பெட்டியைக் காட்டுவேன். அவளே அதைக் கூப்பிட்டு நரிக் கதையும் முதலைக் கதையும் கேட்டுக்கொள்கிறாள், அது எங்கேயும் தடங்கல் இல்லாமல் ஒரே சீராகச் சொல்கிறது. முந்தாநாள் கதை கேட்டுக்கொண்டே என் மடிக்கு வந்தாள், என் முகத்தைத் திருப்பி என் உதட்டில் விரலை வைத்து, அம்மா உனக்கு என்மேல கோ, கோபமா என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். இல்லை என்பது உயிரெழுத்துதான். சொல்லியிருக்கலாம்.

"பிருந்தா, பயிற்சி நேரம்."

தூக்கிவாரிப் போட்டது. பதினோரு மணி. அலமாரியில் அதன் விளிம்பில் ஒரு நீல வளையம் சுற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் போகும்போது அவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிருந்தா, பயிற்சி நேரம் என்று மறுபடியும் சொல்லிற்று. என் பெயரை என்ன சுலபமாகச் சொல்கிறது, பி, அதை ஒட்டி ரு, ஒரு சிக்கலும் இல்லாமல், என்னால் ஒரு பதிவு அலுவலகத்தில், ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுக்கிற இடத்தில், ஒரு தடவைகூடச் சொல்ல முடியாத என் பெயரை என் வீட்டு அலமாரியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறது. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. எழுந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அதன் எதிரே போய் நின்றேன். அவர் கேட்பார் என்று தோன்றிற்று, பெயரைச் சொல்லி முடித்துவிட்டால் அதற்கு முந்தின முக்கலையும் சேர்த்து இது எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறதே, அவர் ஃபோனுக்குப் போகிறதே, நேற்றைக்குப் பிறகு அவர் எண்ணிக்கையை மட்டும் பார்க்க மாட்டார், கேட்பார். என் முகத்தைப் பார்க்காமல், முடித்துக் கொடுக்க வழியில்லாமல், கேட்பார். ம் ம் ம். கண்ணை மூடாதே. ம் ம் ம்மீரா. வளையம் எரிந்தது. என்னங்க, ஃபோ, ஃபோனைக் என்பதற்குள் மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை என்று அணைந்துவிட்டது. இரண்டு மூச்சுக்கு மேல் அது காத்திராது. மறுபடியும் கூப்பிட வேண்டும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தடவை அந்த ம. சரி. ம்ம்மீரா, ஃபோனைக் குடுங்க. மன்னிக்கவும். ம் ம் ம் ம் மீரா, எனக்கு இது வேண்டாம். மன்னிக்கவும். தொண்டை எரிகிறது, வியர்வை கண்ணில் இறங்குகிறது, முதுகுத்தண்டில் ஓடுகிறது, ம்மீரா, கு, குழந்தைகிட்டப் பே, மன்னிக்கவும், ம் ம் மீரா, பேசாம இருக்க, மன்னிக்கவும், ம்மீரா, என்னால முடியல. நடுவில் ஒரு தடவை அதுவாக எதையோ புரிந்துகொண்டு ஒரு பழைய பாட்டைப் போட்டது, அது முடிகிற வரைக்கும் நின்றேன், நிறுத்து என்று சொல்வதற்கும் அந்தப் பெயர்தான் வேண்டும். பிறகு சொன்னேன், அவ திக்கினா திக்கட்டும். அவ என்னை மாதிரி வா, வாயை மூடிக்கிட்டு வளர வேண்டாம். எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஃபேன் போடச் சொல்லவே இல்லை என்பது சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஹாலில் அவர் குரல். பிருந்தா, இருக்கியா. பின்னணியில் ஏதோ மோட்டார் ஓடுகிறது, கம்பெனி கொடவுனில் இருக்கிறார் போலிருக்கிறது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பதினேழு தடவை கூப்பிட்டிருக்கே, இன்னிக்கு உன் குரலாத்தான் இருக்கணும், நான் சொன்னேன்ல, ஒரே நாள்ல பாரு என்று சொல்லிக்கொண்டே போனார், கஷ்டமாத்தான் இருக்கும், நான் கொஞ்சம் கண்டிப்பா நடந்துக்கிட்டேன்னு நினைக்காதே, நாளையிலேர்ந்து இன்னும் என்றார். நான் சமையலறை வாசற்படியில் டம்ளரோடு நின்றேன். எண்ணியிருக்கிறார். இன்றைக்கும் எண்ணத்தான் எண்ணியிருக்கிறார். நெஞ்சுக்குள் ஏதோ மெதுவாக உட்கார்ந்தது, பழக்கமான இடத்தில் உட்காருகிற மாதிரி. வழக்கம்போல உம் என்று சொல்லியிருப்பேன். அவர் வைத்திருப்பார்.

"எண்ணாதீங்க," என்றேன். "கேளுங்க."

என்ன சொல்றே, சத்தமா இருக்கு இங்கே, என்னது, பெண்டாட்டியா, எண்ணெயா, எண்ணெய் தீர்ந்துடுச்சா என்றார். இல்லை என்றேன். பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். அந்த முக், முக், என்று முக்கோணத்தில் சிக்கிக்கொண்டேன், அவர் முக்கியமா, ஏதாவது முக்கியமா என்றார், நான் முக்கோணத்தை விடவில்லை, உதட்டை விடவில்லை, அவர் வேறெதையோ சொல்ல ஆரம்பித்தார், அதன்மேலேயே நான் முக், முக்கோணத்தை அழுத்திக் கேளுங்க என்று முடித்தேன். மோட்டார்ச் சத்தம் தூரமாயிற்று, வெளியே நடந்து போகிறார் போலிருக்கிறது. நீல வளையம் எரிந்துகொண்டிருந்தது, இணைப்பு இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு பெண் குரல், ம் ம் ம் ம் என்று முக்கிக்கொண்டு, யாரோ பிரசவ வலியில் இருப்பது மாதிரி, அது நான் என்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. நான் என்னை வெளியிலிருந்து கேட்டதே இல்லை. அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். நடுவில் நிறுத்தவில்லை.

"ஃபோன் என் பையிலதான் இருக்கு," என்றார். "ஸ்கிரீன் மாத்தக் குடுக்கல."

தெரியும் என்றேன். த எனக்குச் சுமார்தான், இன்றைக்கு வந்தது. சாயங்காலம் என்று ஏதோ ஆரம்பித்தார், மேலே சொல்லாமல் நிறுத்தினார், முடித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. யாரோ சார் என்று அவரைக் கூப்பிட்டார்கள். வளையம் அணைந்துவிட்டது. சுவர்ப் பலகையில் விரல் வைத்துப் பார்த்தேன், சிவப்புப் புள்ளி. லாக்கை எடுக்கச் சொல்ல நானும் மறந்துவிட்டேன், அவருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் வந்து அவர் என்ன சொல்வார் என்று தெரியாது, இன்னொரு கருவி வாங்கி வந்தாலும் வருவார், அந்த மனிதரை ஒன்பது வருஷமாக எனக்குத் தெரியும். மணி பன்னிரண்டு பதினைந்து. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனேன்.

வேன் வந்தது. ஆதிரை இறங்கினாள், பை முதுகில் ஆட, ரிப்பன் ஒன்று அவிழ்ந்திருக்க. வழக்கம்போல லிஃப்ட் பக்கம் ஓடப் பார்த்தாள், நான் கையைப் பிடித்துக் கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிமெண்ட் பெஞ்சுக்குக் கூட்டிப் போனேன், அங்கே இரண்டு கட்டடத்துக்கு நடுவில் எப்போதும் கொஞ்சம் காற்று வரும். மேல போகலையாம்மா என்றாள். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

"க, க, கொஞ்ச நேரம் இங்க உக்காந்து பேசலாம்," என்றேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள், கொஞ்சம் ஆச்சரியமாக, அவ்வளவுதான். பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பெஞ்சில் ஏறி மண்டிபோட்டு உட்கார்ந்துகொண்டு, அ, அ, அம்மா, இன்னிக்கு எங்க க, க, என்று ஆரம்பித்தாள், கிளாஸ் என்று சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரிகிறது, அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, நான் சொல்லவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒரு அவசரமும் இல்லை.